திருநெல்வேலிப் பக்கம் கரையில நின்னு விரால் புடிக்க: புதுசா வாறவங்களுக்கு

யூடியூப்ல அமெரிக்காக்காரங்க ஏரிக்கரையில நின்னு லார்ஜ்மவுத் பாஸ் புடிக்கிற வீடியோவ பாத்துட்டு, அதே மாதிரி ராடு, அதே மாதிரி ரப்பர் தவளைன்னு ஆன்லைன்ல வாங்கிப்போட்டுட்டு, இப்ப இத எங்க கொண்டு போயி வீசன்னு தெரியாம நிக்கிற பசங்க நம்ம பக்கம் நெறைய. அந்த பாஸ் வட அமெரிக்கா மீன், தாமிரபரணில கெடையாது, தேடாதீங்க. ஆனா செடி நிழல்ல அசையாம கெடந்து, தலைக்கு மேல எது போனாலும் பாஞ்சு வாயில போடுற மீன் நம்ம குளத்துலயே இருக்கு. அதான் விரால். பாஸுக்குன்னு செஞ்ச சாமான் முக்காவாசி விராலுக்கு அப்படியே செல்லும், இன்னும் சொல்லப்போனா செடிக்குள்ள விராலு அடிக்கிற அடிய ஒருக்கா பாத்துட்டா வேற மீனுக்கு மனசு போகாது.

நான் இத கத்துக்கிட அலைஞ்ச அலைச்சல் கொஞ்சமில்ல. மீன் புடிக்கிற வித்தை சீக்கிரம் வந்துட்டு, எந்த குளத்துல யாருகிட்ட கேட்டு நிக்கணும்ங்கதுக்குத்தான் ஆளு ஆளா விசாரிச்சு, ஒரு ஆபீஸ்ல போயி கேட்டா அடுத்த ஆபீஸ கைகாட்டி, அங்க போனா இங்கயே கேட்டிருக்கலாமேன்னு சொல்லி, நாள் கணக்குல போச்சு. நீங்க அப்படி அலைய வேண்டாம், அதுக்குத்தான் இத எழுதுதேன்.

1. தூண்டில எடுக்குறதுக்கு முன்னால குளம் யாரு கையில இருக்குன்னு பாருங்க

எல்லாத்துலயும் முக்கியமானது இதுதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்லுதேன்.

நம்ம பக்கம் அனேகமா எல்லா குளத்துலயும் மீனுக்கு ஒரு சொந்தக்காரரு உண்டு. மீன்பாசி ஏலம்னு கேள்விப்பட்டிருப்பீங்க, வருசா வருசமோ சில வருசத்துக்கு ஒருக்காவோ குளத்து மீன ஏலம் விடுவாங்க, எடுத்தவரு தான் குத்தகைதாரர். அவரு கைக்காச போட்டு கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டிருப்பாரு, ராத்திரி காவலுக்கு ஆளு போட்டிருப்பாரு. விரால் அவரு விட்ட மீனா இல்ல தானா வந்த மீனாங்கிற பேச்சே அங்க எடுபடாது, குளத்துல கெடக்க மீனு அவரு மீனு. நீங்க ஒரு ராடோட போயி நின்னா அவரு கண்ணுக்கு நீங்க திருட வந்த ஆளு, அதுல அவர குத்தம் சொல்ல முடியாது.

பெரிய குளமா சின்ன குளமான்னு பாத்துக்கிடுங்க. ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணி பாயிற வயல் பரப்பு, 100 ஏக்கருக்கு (40 ஹெக்டேருக்கு) மேல உள்ள குளம் நீர்வளத்துறை பொறுப்பு, பழைய ஆளுங்க இன்னும் பிடபிள்யூடி குளம்னு தான் சொல்லுவாங்க. அதுக்கு கீழ உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக் குளம். இது தவிர கோயிலுக்குச் சேந்த குளம், ஊர்ப் பொதுவுல வச்சிருக்க குளம்னும் உண்டு. இத தெரிஞ்சுக்கிடாம ஆபீஸுக்கு போனா பந்து மாதிரி ஒதச்சு விடுவாங்க. ஆனா உண்மையில ஆபீஸுக்கு போறதுக்கு முன்னால ஊருக்குள்ள போறது தான் சுருக்கு வழி. குளத்துக்கரைக்கு பக்கத்துல உள்ள டீக்கடையில நின்னு ஒரு டீ சொல்லிட்டு, "அண்ணாச்சி, இந்த குளத்துல மீன்பாசி யாரு எடுத்திருக்காவ?"ன்னு கேளுங்க. அஞ்சு நிமிசத்துல பேரு, வீடு, அவரு எப்ப வீட்டுல இருப்பாருங்கது வரைக்கும் சொல்லிருவாங்க.

நேர்ல போயி கேளுங்க, போன்ல வேண்டாம். கேக்கும்போது மூணு விஷயம் தெளிவா சொல்லிருங்க: வலை கெடையாது ஒத்த தூண்டி தான், விரால் மட்டும் தான், ஒங்க வளர்ப்பு மீனு மாட்டுனா திரும்ப விட்டுருவேன். இத சொன்னாலே பாதிப் பேரு எறங்கி வந்துருவாங்க, ஏன்னா விரால் அவரு விட்ட குஞ்சு மீன தின்னுற மீனு. சிலரு காசு வாங்க மாட்டாங்க, சிலரு ஒரு நாளைக்கு 100, 200 கேப்பாங்க, சிலரு புடிச்ச மீன எட போட்டு காசு குடுத்துட்டு கொண்டு போன்னு சொல்லுவாங்க. எதுவா இருந்தாலும் தூண்டி போடுறதுக்கு முன்னாலயே பேசி முடிச்சிருங்க, மீனு கையில வந்த பெறகு பேசுனா பேச்சு வேற மாதிரி போகும், விரால் வெல அப்படி.

இன்னொரு பொறி இருக்கு. குத்தகை பெரும்பாலும் பசலி கணக்குல ஓடும், ஜூலை 1ல இருந்து அடுத்த ஜூன் 30 வரைக்கும். போன வருசம் சரின்னு சொன்ன அண்ணாச்சி இந்த வருசம் ஏலத்துல விட்டிருக்கலாம், அந்த விஷயம் தெரியாம பழைய பழக்கத்துல போயி நின்னா புது ஆளுகிட்ட மாட்டுவீங்க. ஆடி மாசம் பொறந்ததும் ஒருக்கா புதுசா விசாரிச்சிருங்க. அதே மாதிரி சித்திரை, வைகாசில தண்ணி வத்துறப்போ அவரு வலை போட்டு மொத்தமா அள்ளுற நேரம், அப்ப போயி அனுமதி கேக்காதீங்க, கேட்டாலும் கெடைக்காது.

கால்வாய் பக்கம் இந்த தொந்தரவு கொறவு. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால்னு ஆத்துல இருந்து பிரியிற கால்வாய்ங்க நம்மூர்ல நெறைய, ஊர்க்காரங்க சும்மா ஒக்காந்து கெண்டைக்கு தூண்டி போட்டுக்கிட்டு இருப்பாங்க. ஆனாலும் ஊருக்கு ஊரு ஒரு கட்டுப்பாடு இருக்கும், பொம்பளைங்க குளிக்கிற படித்துறை பக்கம் ஆம்பளைங்க போயி நிக்கவே கூடாது, மத்த எடத்துலயும் ஒரு வார்த்த கேட்டுட்டு நில்லுங்க.

2. போகக் கூடாத எடங்க, கவனமா இருக்க வேண்டிய எடங்க

காரையாறு, சேர்வலாறு, முண்டந்துறை பக்கம் எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள வரும். செக்போஸ்ட தாண்டி ராட கொண்டு போகாதீங்க, வண்டில வச்சிருந்தாலே கேள்வி வரும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், அங்க ஊர்க்காரங்களே பறவைய புள்ள மாதிரி பாத்துக்கிடுற எடம், அந்த குளத்துல தூண்டிங்கிற நெனப்பே வேண்டாம். பாபநாசம் கோயில் படித்துறையில கூட்டங்கூட்டமா நிக்குற மீனு சனங்க பொரி போட்டு வளக்குற மீனு, அங்கயும் சரி, வேற கோயில் படித்துறையிலயும் சரி, தூண்டிய வெளிய எடுக்காதீங்க. மணிமுத்தாறு மாதிரி அணையில மீன்பிடி உரிமை தனி, அங்க மீன்வளத்துறைகிட்ட கேக்காம நிக்கக் கூடாது.

டவுனுக்குள்ள ஓடுற கால்வாய் பகுதியிலயும், டவுன் சாக்கடை கலக்குற குளத்துலயும் விரால் நல்லா கொழுத்து கெடக்கும், காத்த நேரா குடிச்சு வாழுற மீனுங்கதால அழுக்குத் தண்ணியிலயும் தாக்குப்புடிக்கும். வீசி பழகுறதுக்கு வேணா நில்லுங்க, அந்த மீன வீட்டுக்கு கொண்டு போயி கொழம்பு வைக்காதீங்க.

3. கையில இருக்க வேண்டிய பேப்பர்

பெருசா ஒண்ணும் இல்ல. ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு. குத்தகைதாரர் கையெழுத்து போட்டு ஒரு துண்டுச்சீட்டு, அதுல தேதி, குளத்து பேரு, ஒங்க பேரு, ஒத்த தூண்டிக்கு அனுமதின்னு ஒரு வரி. ஏன்னா நீங்க போற அன்னிக்கு அவரு இருக்க மாட்டாரு, காவலுக்கு இருக்க ஆளுக்கு ஒங்கள தெரியாது. சீட்டு எழுத சங்கடப்பட்டாருன்னா காவலாளுக்கு ஒங்க முன்னாலயே ஒரு போன் பண்ணி சொல்லச் சொல்லுங்க. அவரு நம்பர போன்ல போட்டு வச்சுக்கிடுங்க. காசு குடுத்திருந்தா அதையும் சீட்டுல எழுதி வாங்குங்க.

4. சாமானும் செலவும்

கடையில போயி நின்னா மூவாயிரம், நாலாயிரம்னு செட்டா எடுத்து குடுப்பாங்க, அதுல பாதி நம்ம குளத்துக்கு ஒதவாது. முக்கியமா மெல்லிசு ராடு, மெல்லிசு தூண்டி நரம்பு வேண்டவே வேண்டாம். விராலு அடிச்ச ஒடனே தாமரைத் தண்டுக்குள்ள தலைய குடுத்து சுத்திக்கிடும், அங்க இருந்து பிச்சு எடுக்கணும்.

ராடு ஆறரை அடில இருந்து ஏழு அடிக்குள்ள, மீடியம் ஹெவி, அதாவது கொஞ்சம் வெறைப்பானது. ரீல் ஸ்பின்னிங் ரீலே போதும், 3000 சைஸ், பேட்காஸ்டர்ங்கிற இன்னொரு வகை ரீல் எல்லாம் பழகுன பெறகு பாத்துக்கிடலாம், புதுசுல அத வாங்குனா நரம்பு சிக்கெடுக்கவே நேரம் போயிரும். நரம்புக்கு பின்னல் நரம்பு, அதான் பிரெய்டுன்னு விக்கிறாங்க, 30 பவுண்டுக்கு கொறையாம. சாதா தங்கூசி, அதான் நைலான் நரம்பு, இழுத்தா நீளும், செடிக்குள்ள அது ஆகாது. ரப்பர் தவளை ரெண்டு போதும், கருப்பு ஒண்ணு பச்சை ஒண்ணு, கொக்கி ரெண்டும் தவளை முதுகோட ஒட்டி மேல பாத்து இருக்கதா பாத்து வாங்குங்க, அப்பத்தான் செடில மாட்டாது. வாங்குன ஒடனே அமுக்கிப் பாருங்க, ஒடம்பு மெத்துன்னு அமுங்கி கொக்கி வெளிய தெரியணும், கல்லு மாதிரி இருந்தா மீனு கடிச்சாலும் கொக்கி ஏறாது. கொக்கி கழட்ட மூக்கு நீண்ட கொறடு ஒண்ணு, இது இல்லாம கரைக்கு போகாதீங்க.

இதெல்லாம் சுமாரான தரத்துல ராடு 1000 – 1500, ரீல் 800 – 1500, பிரெய்டு 300 – 500, தவளை ஒண்ணு 100 – 200, கொறடு 100ன்னு வரும். கொறஞ்ச வெலையா பாத்து எடுத்தா மொத்தம் மூவாயிரத்துக்குள்ள முடிச்சிரலாம். அதுவும் பெரிய காசுன்னா மூங்கில் கம்பு, தடிச்ச தங்கூசி, பெரிய முள்ளு, உசுரு கெண்டைப்பொடி, இதுல புடிக்கிற பெரிய ஆளுங்க நம்மூர்ல இன்னும் இருக்காங்க, செலவு 200 ரூபாகூட ஆகாது. உசுரு இரை போடுறதா இருந்தா அதே குளத்துல புடிச்ச பொடிமீனையே போடுங்க, வேற எடத்து மீன வாளியில கொண்டு வந்து மிச்சத்த குளத்துல ஊத்தாதீங்க, வேண்டாத மீனு அப்படியும் பரவும். உசுரு தவளைய கோக்காதீங்க, அந்த வேலைய ரப்பரே செய்யும்.

5. எந்த மாசம், எந்த நேரம்

ஐப்பசி, கார்த்திகையில மழை பெஞ்சு குளம் நெறைஞ்சு மறுகால் பாயும், பாக்க ஆசையா இருக்கும், ஆனா மீனு தண்ணி முழுக்க பரந்து கெடக்கும், கரையில நிக்குறவனுக்கு எட்டாது. தையில தண்ணி தெளிஞ்சு தாமரை, அல்லி பிடிச்சு வரும், அதுல இருந்து பங்குனி வரைக்கும் தான் கரைத்தூண்டிக்கு நல்ல காலம். பிசான நெல்லுக்கு தண்ணி எடுக்க எடுக்க குளம் சுருங்கும், மீனு ஒதுங்குற எடமும் கொறஞ்சு நம்ம கண்ணுக்கு தெரிய ஆரம்பிக்கும்.

கால்வாய் கணக்கு வேற. பிசானம் அறுத்து முடிச்சு கால்வாய அடைச்சதும் அங்கங்க பள்ளத்துல தண்ணி தேங்கி நிக்கும், பாலத்துக்கு அடியில, மடைக்கு கீழ. அந்த தேக்கத்துல விரால் கண்டிப்பா கெடக்கும். ஜூன்ல கார் நெல்லுக்கு தண்ணி தொறந்து விட்டா வரத்து வேகமா இருக்க முதல் சில நாளு விட்டுருங்க, நின்னு ஓடுற அளவுக்கு வந்த பெறகு போங்க.

நேரம்னா வெயில் காலத்துல விடியக்காலம் வெளிச்சம் வந்ததுல இருந்து எட்டு, எட்டரை வரைக்கும், சாயங்காலம் நாலரைக்கு மேல இருட்டுற வரைக்கும். உச்சி வெயில்ல நம்ம ஊரு குளத்துக்கரையில நின்னு கருகாதீங்க, மீனும் செடிக்கடியில போயி படுத்துக்கிடும். மார்கழி, தை காலையில மட்டும் இது மாறும், தண்ணி குளுந்து கெடக்கும், வெயில் ஏறி ஒம்போது மணிக்கு மேல தான் வாய் தொறக்கும்.

6. தண்ணிய பாத்து எடத்த புடிங்க

வந்ததும் வீசாதீங்க. கரையில இருந்து ரெண்டடி தள்ளி நின்னு கால் மணி நேரம் சும்மா பாருங்க. விரால் காத்து குடிக்க மேல வந்தே ஆகணும், தண்ணிக்குள்ளயே இருந்தா மூச்சு முட்டிரும். வந்து "களுக்"னு ஒரு சத்தம் விட்டுட்டு போகும், வட்டம் சின்னதா விரியும், அதுல ஒண்ணு ரெண்டு குமிழி நிக்கும். கெண்டை துள்ளுனா தண்ணி தெறிக்கும், இது தெறிக்காது. ஒரே எடத்துல கொஞ்ச நேரம் விட்டு திரும்பவும் அந்த சத்தம் கேட்டா அங்க ஒரு மீனு குடியிருக்குன்னு அர்த்தம்.

மத்தபடி தாமரை எலைக்கு நடுவுல தட்டு அளவுக்கு தண்ணி தெரியிற ஓட்டை, சம்பும் கோரையும் முடியிற ஓரம், மடைக்கு ரெண்டு பக்கமும் உள்ள கல்லு, தண்ணில சாஞ்சு கெடக்க உடை முள்ளு மரம், இதெல்லாம் நம்பி வீசலாம். ஆகாயத்தாமரை கனமா மூடி கெடந்தா அதுக்கு நடுவுல வீசி பிரயோசனம் இல்ல, அதோட ஓரத்துல மட்டும்.

இங்க ஒண்ணு கவனிக்கணும். மழை சமயத்துல தண்ணி மேல செவப்பா, ஆரஞ்சு கலர்ல பொடிப்பொடியா குஞ்சு கூட்டம் ஒண்ணா கொதிக்கிற மாதிரி நகந்து போகும். அதுக்கு கீழ தாயும் தகப்பனும் காவலுக்கு நிக்கும். எது கிட்ட வந்தாலும் பாஞ்சு அடிக்கும், அதனால அத புடிக்கிறது ரொம்ப லேசு, வீடியோவுல அப்படி புடிச்சு காட்டுறவங்க உண்டு. தயவுசெஞ்சு நீங்க செய்யாதீங்க. காவல் போச்சுன்னா சீக்கிரமே ஜிலேபி மீனும் கெளுத்தியும் நீர்க்காகமும் அந்த கூட்டத்த காலி பண்ணிரும். குஞ்சு கூட்டத்த பாத்தா பத்து பதினஞ்சு அடி தள்ளி கூட இல்ல, வேற கரைக்கே போயிருங்க.

7. வீசுறதும் இழுக்குறதும்

தவளைய ஓட்டைக்கு நேரா போடாதீங்க, அத தாண்டி ரெண்டு மூணு அடி அந்தப் பக்கம் எலை மேல விழுற மாதிரி போடுங்க. விழுந்ததும் அப்படியே விடுங்க, வட்டம் அடங்கட்டும். அப்புறம் ராடு நுனிய கீழ வச்சு சின்ன சின்னதா சுண்டி, எலை மேல ஊர வச்சு, ஓட்டைக்குள்ள "தொபுக்"னு எறக்கி நிறுத்துங்க. நிறுத்தணும், அங்கதான் எல்லாரும் அவசரப்பட்டு இழுத்துருதாங்க. நூத்துக்கு தொண்ணூறு அடி நிறுத்தி வச்சிருக்கப்போ தான் வரும். எலை லேசா ஆடும், தண்டு ஒதுங்கும், மீனு வருதுன்னு தெரியும், கை துறுதுறுங்கும், அப்பவும் இழுக்காதீங்க.

அடிச்சதும் ஒடனே வெட்டக்கூடாது, அதாவது கொக்கி ஏற ராட வெடுக்குன்னு மேல இழுக்கக்கூடாது. தண்ணி வெடிக்கிற சத்தத்துல யாருக்கும் கை தானா மேல போகும், போனா தவளை மட்டும் பறந்து நெஞ்சுக்கு வரும், கண்ணுக்கும் வரலாம். மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி, நரம்பு தொய்வ சுத்தி எடுத்து, மீனோட கனம் கையில தட்டுப்பட்ட பெறகு முழு பலத்தோட வெட்டணும். வெட்டுனதுக்கு அப்புறம் எதிர்மாறு, ஒரு நொடி கூட எடம் குடுக்காதீங்க, ராட ஒசத்தி புடிச்சு தலைய மேல எடுத்து எலை மேலயே வழுக்கிக்கிட்டு கொண்டு வந்துருங்க. ரீல்ல டிராக்க, அதான் நரம்பு ஓடாம இறுக்குற திருக, நல்லா முறுக்கி வச்சுக்கிடணும், வீடியோவுல காட்டுற மாதிரி ஓட விட்டு களைக்க வைக்கிற வேலை இங்க ஆகாது.

அடிச்சு தப்பிப் போச்சுன்னா எடத்த விட்டு போயிராதீங்க. அஞ்சு நிமிசம் கழிச்சு அதே எடத்துல மெதுவா ஒருக்கா போடுங்க, திரும்பவும் வரும்.

8. கரைக்கு வந்த பெறகு

பாஸ் மீன கீழ் ஒதட்டுக்குள்ள பெருவிரல விட்டு தூக்கி போட்டோ எடுப்பாங்க பாத்திருப்பீங்க, அது வாய் மணல்தாள் மாதிரி தான் இருக்கும், ஒண்ணும் செய்யாது. விரால்ல அத செய்யவே செய்யாதீங்க, தாடையில கூர்மையான பல்லு இருக்கு, ரத்தம் வராம விடாது. நனைச்ச துண்டால கழுத்துக்குப் பின்னால அமுக்கிப் புடிச்சு, கொறடால கொக்கிய கழட்டுங்க. கரைச் சரிவுல கீழ வைக்காதீங்க, நெளிஞ்சு நெளிஞ்சே தண்ணிக்கு போயிரும்.

அரை கிலோவுக்கு கீழ உள்ளத விட்டுருங்க. திங்கதுக்கு ஒண்ணு ரெண்டு எடுத்தா ஈரச்சாக்குல சுத்தி நிழல்ல வையுங்க, தோலு காயாம இருந்தா மணிக்கணக்குல உசுரோட இருக்கும், ஐஸ் தேட வேண்டியதில்ல. கெளம்புறப்போ குத்தகைதாரர்கிட்டயோ காவல் ஆளுகிட்டயோ சாக்க தொறந்து காட்டிட்டு போங்க. அவரு கேக்காட்டாலும் காட்டுங்க, அடுத்த தடவ நீங்க கேக்காமலே வாங்கம்பாரு.

அந்து போன நரம்ப ஒரு முழம் கூட கரையில போடக்கூடாது. பாம்புத்தாராவும் நீர்க்காகமும் முங்கி எந்திரிக்கிற தண்ணி அது, பிரெய்டு றெக்கையில சுத்துனா அதால அறுக்க முடியாது, செடில தலைகீழா தொங்கிச் செத்துரும். ஒரு காலி தண்ணி பாட்டில் கொண்டு போயி அதுக்குள்ள சுருட்டிப் போட்டு வீட்டுக்கு கொண்டு வந்துருங்க.

9. கரையில கவனமா இருக்க வேண்டியது

ஷூ போட்டுக்கிட்டு போங்க, செருப்பு வேண்டாம். கரைக்கல் இடுக்குலயும் புல்லுலயும் விரியன் கெடக்கும், கால வைக்கிறதுக்கு முன்னால கம்பால தட்டிட்டு வையுங்க. தவளை செடில மாட்டிக்கிட்டுன்னு குளத்துக்குள்ள எறங்காதீங்க, கரம்பை மண் அள்ளுன குழி தண்ணிக்கடியில எங்க இருக்குன்னு வெளிய தெரியாது, முழங்கால் தண்ணின்னு நெனச்சு வச்ச அடுத்த அடி ஆள முக்கிரும். நூறு, நூத்தம்பது ரூபா தவளை தான், நரம்ப அறுத்து விட்டுருங்க. கால்வாய்ல ஷட்டர் பக்கமும், ஆத்துல அணைக்கட்டு கீழ சுழி விழுற எடத்துலயும் நிக்க வேண்டாம்.

இத அனேகம் பேரு சொல்றதே இல்ல: இப்ப வர்ற ராடு நெறைய கார்பன், மின்சாரம் பாயும். குளத்துக்கரை ஓரமா வயலுக்கு பம்புசெட் லைன் தாழ்வா போகும், ஏழு அடி ராட தலைக்கு மேல சுத்தி வீசுறதுக்கு முன்னால அண்ணாந்து ஒருக்கா பாருங்க. ஐப்பசி, கார்த்திகை சாயங்காலம் மேற்க மலைப்பக்கம் கருத்து இடி மொதல்ல உறுமுனதுமே ராட கீழ வச்சு பிரிச்சு பையில போட்டுட்டு கரைய விட்டு எறங்கிருங்க, மீனு அடிச்சுக்கிட்டு இருந்தாலும் சரி.